நீ தோசைக்கல்லில் உட்காரவே இல்லை

மகளுக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. பசை தீர்ந்துபோகவில்லை, சோம்பலும் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு மிளகும் கராம்பும் ஏற்றிப்போகிற நம்ம பக்கத்து வீட்டு வேன்காரர் உன் கையில் கொண்டுவந்து தருவார். வழியில் தேத்தண்ணிக் கடையில் வேனை நிறுத்தி அவர் படித்தாலும் படிக்கட்டும். நீ படித்து முடித்ததும் மாப்பிள்ளையிடம் கொடு. உன் மாமியாரிடமும் கொடு. எல்லாருக்கும் மேலாக, வருகிற வியாழக்கிழமை நீ பார்க்கப்போகிற மயக்க மருந்து டொக்டரிடம் கொடு. இருபத்தெட்டு வருசமாக மூடிவைத்திருந்த சங்கதி இது. மறுபடியும் ஒரு உறைக்குள் வைத்து ஒட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

நான் சுகமா என்று கேட்பாய். வயிற்றுத் தையல் பிரித்தாயிற்று. இறங்கிய குடல் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. தலைதான் அதன் இடத்தில் இல்லை. மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிற கடிதம். உன் டீச்சர் புத்தியைக் காட்டிச் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதே. பிழையை விட்டுவிட்டு விசயத்தை எடு.

விசயம் இதுதான். உன் முதுகின் அடியில், நடு இடுப்பில் இருக்கிற அந்தத் தழும்பு, நீ மூன்று வயதில் தோசைக்கல்லின் மேல் உட்கார்ந்து சுட்டுக்கொண்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாயே, அது பொய். அந்தக் கதையைக் கட்டியவன் நான். நீ பிறக்கும்போதே அந்த இடத்தில் ஒரு கொத்து முடி இருந்தது. அதை எடுக்கப்போய் உன் தோலைப் புண்ணாக்கியதும் நான்தான். பிள்ளை பெறும்போது வலி தெரியாமலிருக்க உன் முதுகில் ஊசி குத்தி, மெல்லிய குழாய் ஒன்றை வைக்கப்போகிறார்கள் என்றாய். அதை வைப்பதற்கு முன்னால் அந்த முடிக் கொத்தைப் பற்றி டொக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்த எதைத்தான் நீ நம்பினாய்? நம்புகிற மாதிரி நானும் நடந்துகொள்ளவில்லை. உன் அம்மா உயிரோடு இருந்தபோது, தோட்டம் பார்க்க வந்த ஒரு ஜெர்மன்காரி நோனா என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறாள், அம்மாவிடம் நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உன்னை ஒரு வாரம் அழவைத்தேன். போன வருசம் பாம்பு கடித்துவிட்டது என்று போன் எடுத்தேன். நீ பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, வத்தளையிலிருந்து பஸ் மாறி மாறி, அழுது வீங்கிய முகத்தோடு வந்து இறங்கினாய். நான் முற்றத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பலாப்பழம் தின்றுகொண்டிருந்தேன். உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பாம்பைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“இனிமே நீங்க செத்துட்டேன்னு நீங்களே போன் பண்ணிச் சொன்னாலும், பக்கத்து வீட்டுல ஒருக்கா கேட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன்.”

சரி, இந்தத் தடவை பக்கத்து வீட்டில் கேட்டாலும் பிரயோசனம் இல்லை. அவர்களுக்கும் தோசைக்கல் கதைதான் தெரியும்.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். ஆபரேசன் அன்றைக்கு என்னை மேசையில் உட்காரவைத்து, ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகை இறால் மாதிரி வளைக்கச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்கு முதுகில் ஊசி. பின்னால் நின்றவர் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் நோனா, உன் வயதுதான் இருக்கும். சிங்களத்தில்தான் கேட்டார், நான் நம்ம பேச்சில் எழுதுகிறேன்.

“ஐயா, பொறந்ததுல இருந்து முதுகுல ஏதாவது கொறை இருக்கா? கூனல், கட்டி, குழி, முடிக் கொத்து?”

“வால் மட்டுந்தான் டொக்டர். வரும்போது வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தேன்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸிமார் இரண்டு பேர் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. என் முதுகெலும்பை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே சொன்னார்.

“வெளையாட்டுக்குக் கேக்கல ஐயா. சில பேருக்குப் பொறக்கும்போதே முதுகெலும்பு சரியா மூடாம இருக்கும். வெளியில பாத்தா அந்த எடத்துல கொஞ்சம் முடியோ குழியோதான் தெரியும். ஆனா உள்ள நரம்புத் தண்டு கீழ எறங்கி ஒட்டிக்கிட்டு இருக்கலாம். நாங்க ஊசி போடுற எடத்துல சாதாரணமா தண்டு இருக்காது. அங்க தண்டு இருந்தா, ஊசி அதுல பட்டுரலாம்.”

“பட்டா?”

“காலுக்குக் கெடுதி. ஒன்னுக்குப் போறத அடக்குறதுக்கும் கெடுதி. சரி, இப்ப அசையாதீங்க.”

அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. இரண்டாம் தடவை அவர் முடி என்றதோடு நான் கல்லாகிப்போயிருந்தேன். என் வாலைப் பற்றி நான் வேடிக்கை பேசிய அந்த நொடியில், உன் முதுகுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூன்று வயது முதுகு. ஊசி போட்டு முடித்து என்னைப் படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மிஸ்ஸி என் இரண்டு கால்களையும் தூக்கி நகர்த்தி வைத்தார். யாருடைய கால்களோ போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரலை ஆட்டு ஆட்டு என்று மனதுக்குள் கத்தினேன். அது எனக்குச் சொந்தமில்லாத விரல் மாதிரி சும்மா கிடந்தது. வார்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அப்படித்தான். மாலையாகும்போது இடது குதிகாலில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, பிறகு விரல் அசைந்தது. எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு மூன்று மணி நேரமும் நான் நினைத்தது ஒன்றைத்தான். பிள்ளை பெறப்போகிற என் மகளுக்கும் இப்படி ஊசி போட்டு, இது திரும்பி வராமல் போனால்?

அடுத்த நாள் காலையில் அந்த டொக்டர் வார்ட்டுக்கு வந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன்.

“டொக்டர், எனக்குத் தெரிஞ்ச ஒரு புள்ளைக்கு அந்த மாதிரி முடி இருந்துச்சு.”

“யாரு ஐயா அந்தப் புள்ள?”

“எம் மக.”

“இப்பவும் இருக்கா?”

“இல்ல. சின்னதுலயே நான் எடுத்துட்டேன்.”

“முடிய எடுக்கலாம் ஐயா. உள்ள இருக்கிறத எடுக்க முடியாதே.”

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன். கால் இரண்டும் ஒரே அளவா? இல்லை, இடது கால் சின்னது. கொஞ்சம் வளர்ந்த பிறகும் படுக்கையில் ஒன்றுக்குப் போனதா? பதினொரு வயது வரைக்கும். நாரி வலி, இடுப்பு வலி இருந்ததா? இப்போதும் வீடு கூட்டினால் வலிக்கிறது என்பாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

“அப்ப அவளுக்கு அந்தக் கோளாறு இருக்கா, இல்லையா டொக்டர்?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எலும்புல மட்டும் சின்ன இடைவெளி இருக்கிறவங்க எத்தனையோ பேர், அவங்களுக்கு ஒன்னும் ஆகாது. ஸ்கேன் எடுத்துப் பாக்காம நான் எப்படிச் சொல்ல?”

ஒரு துண்டுத் தாளில் படம் கீறியும் காட்டினார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். நீ தோட்டத்துப் பிள்ளை, உனக்கு விளங்கும். மிளகுக் கொடியை மரத்தோடு அடியில் கட்டிவிடுகிறோம். கொடி பிடித்துக்கொண்டதும் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் விட்டால் மரம் வளர வளரக் கொடி அடியில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். உன் நரம்புத் தண்டும் அடியில் அப்படிக் கட்டுண்டு இருக்கலாம். அப்படி இருந்தால், மற்றவர்களுக்கு வெற்றிடமாக இருக்கிற இடத்தில் உனக்குத் தண்டு இருக்கும். மருந்தும் சரியாகப் பரவாமல், ஒரு பக்கம் மரத்து ஒரு பக்கம் வலிக்கலாம் என்றார். உனக்கு அப்படியா என்று எனக்குத் தெரியாது. உன் அப்பன் மிளகுக் கொடி கட்டியவன், நரம்பு கட்டியவன் இல்லை.

மறுநாள் நீ போன் எடுத்தாய். என் வயிறு எப்படி என்று கேட்டாய், கஞ்சி குடித்தீர்களா என்று கேட்டாய். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாய்.

“எனக்கும் அடுத்த மாசம் முதுகுலதான்பா. வலியே தெரியாதாம். கிளினிக்ல டொக்டர் முதுகப் பாத்துட்டு, இது என்ன தழும்புன்னாரு. தோசைக்கல்லு கதைய எடுத்து விட்டேன். உக்காந்தா இவ்வளவு மேலயா சுடும்னு கேட்டாரு. எங்கப்பா சொல்லுவாரு, நான் மல்லாந்து படுத்துத் தோசை ஆகப் பாத்தேன்னு. மனுசன் சிரிச்சு முடியல.”

பார் மகள், நான் அவிழ்த்துவிட்ட பொய் எவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறது. அந்த டொக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். என்னுடைய கதை குறுக்கே போய் விழுந்து மறைத்துவிட்டது. அப்போதே உன்னிடம் சொன்னேன்.

“மகள், அது சுட்டது இல்ல. அந்த எடத்துல ஒனக்கு முடி இருந்துச்சு. வால் மாதிரி.”

“என்னப்பா, ஊசிய முதுகுல போட்டாங்களா, மூளையில போட்டாங்களா?”

போன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தாய் போல. பின்னால் உன் மாமியாரின் சிரிப்பு கேட்டது. “சம்பந்தி எழும்பிட்டாரு, இனி ஒடம்புக்கு ஒன்னுமில்ல!” மாப்பிள்ளை தன் பங்குக்கு, “மாமா, அப்ப எனக்கு அனுமாரையா கட்டிக் குடுத்தீங்க?” என்றார். நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன், மகள். பழக்கம். ஒரு கூட்டம் சிரித்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். “சும்மாதான் சொன்னேன், போய் வேலையப் பாருங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு தனியாக உட்கார்ந்து என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதும்போது யாரும் சிரிப்பது எனக்குக் கேட்காது.

இனி ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ பிறந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்த மருத்துவிச்சி மிஸ்ஸி உன்னைக் குப்புறப் போட்டுப் பார்த்துவிட்டு, உன் கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதி, பிள்ளையைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். ஒரு பிடி முடிக்காக யாராவது கண்டிக்குப் போவார்களா என்று நினைத்தேன். நீ கையைக் காலை நன்றாக ஆட்டினாய், நன்றாகக் குடித்தாய், நன்றாகக் கத்தினாய். இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வயதாகிவிட்டது. உன் அம்மா மாத்தளை மாரியம்மனுக்கு உன் தலைமுடியை நேர்ந்திருந்தாள். அத்தைமார், மாமாமார் எல்லாரும் கோயிலுக்கு வந்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி உன்னை என் மடியில் வைத்து மொட்டை அடித்து முடிந்ததும், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணே, அடிச்சது அடிச்சீங்க. கீழ ஒரு கொத்து இருக்கு, அதையும் சேத்து வழிச்சிருங்க” என்று மொட்டை அடித்தவரிடம் சொல்லி உன்னைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “நான் தொட மாட்டேன் தம்பி. அது ஆத்தா குடுத்தது” என்றார். அதற்குள் கூட்டம் எட்டிப் பார்த்துவிட்டது. யாரோ வால் என்றார்கள். யாரோ அனுமார் என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாருக்கும் மேலே என் சிரிப்புத்தான் கேட்டது. உன் அம்மா மட்டும் உன்னைப் பிடுங்கித் தன் சேலை முந்தானையால் மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கேட்டாள், “நாளைக்கு இவ வயசுக்கு வந்தா, தண்ணி ஊத்த வர்றவளுக எல்லாம் முதுகத்தானே பாப்பாளுக? பெத்தவரே பேரு வச்சிட்டீங்க. இனி ஊரு விடுமா?”

எனக்கு உறைத்தது அப்போதுதான். உறைத்தவன் கண்டிக்குப் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவிகாரைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்து ஸ்பைஸ் கார்டனில் அப்போது எனக்கு வெள்ளைக்காரர்களுக்கு மரம் காட்டுகிற வேலை. கறுவா, சாதிக்காய், கொக்கோ எல்லாம் காட்டி முடித்ததும் கடைசி வித்தை முடிக் களிம்பு. நீயும் பார்த்திருக்கிறாய். ஒரு வெள்ளைக்காரரின் காலில் கொஞ்சம் தடவி, சாதிக்காய்க் கதை ஒன்றைச் சொல்லி, கதை முடிந்ததும் பஞ்சால் துடைத்தால் அந்த இடம் பிள்ளைக் கன்னம் மாதிரி வழவழவென்று வரும். அவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் களிம்பில் மிஞ்சியதை ஒரு யோகட் கப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். உன்னைப் பாயில் குப்புறப் போட்டு, கையில் ஒரு பிஸ்கட் கொடுத்துத் தடவினேன். வெள்ளைக்காரருக்கு ஒரு கதை. உன் முடி அடர்த்தி என்பதால் இரண்டு கதை சொன்னேன். இரண்டாவது கதையில் நீ அழ ஆரம்பித்தாய். கூசுகிறது என்று நினைத்து மூன்றாவதையும் சொன்னேன். துடைத்தபோது முடி வந்தது, தோலும் கூட வந்தது.

“என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க?” என்று குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் உன் அம்மா.

“முடிய எடுத்துட்டேன். இனி எவனும் வால்னு சொல்ல மாட்டான்.”

“எம் புள்ள தோலையும்ல உரிச்சு வச்சிருக்கீங்க!”

புண் ஆறப் பல வாரம் ஆனது. அவ்வளவு நாளும் நீ குப்புறத்தான் தூங்கினாய். அந்தப் புண்ணோடு உன்னைக் கண்டிக்கு எப்படிக் கொண்டுபோவது? என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களே. அந்தப் பயத்தில் கிளினிக் கொப்பியில் மிஸ்ஸி எழுதிய பக்கத்தை உன் அம்மா கிழித்து அடுப்பில் போட்டாள். மிஸ்ஸி வந்து கேட்டபோது, காட்டினோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் பொய் சொன்னோம். நீ வளர்ந்து இது என்ன தழும்பு என்று கேட்டபோது, களிம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோசைக்கல் என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மறுபடியும் சொல்லுங்கள் என்றாய். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். சட்டினியோடு உன்னைச் சாப்பிடப் பார்த்தேன் என்றுகூடச் சொன்னேன். நீ சிரிக்கச் சிரிக்க எனக்குக் குற்றம் குறைந்த மாதிரி இருந்தது.

இன்னும் இரண்டு சங்கதி இருக்கிறது. நீ பாயை நனைத்துவிட்டு எழுந்திருக்கிற காலையில் எல்லாம், “சுது கங்கை பெருகிடுச்சு, பாலத்தப் பாத்துக்கங்க!” என்று முற்றத்தில் நின்று கத்துவேன். பத்து வயதுப் பிள்ளை நீ. பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடுவாய். சோம்பலில் செய்கிறாய், வெட்கப்பட்டால் நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். பிறகு சப்பாத்து. இடது கால் சப்பாத்துக்குள் தாள் திணித்துத்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். கடைக்காரரிடம் நான், “ஒரு கால் அப்பன் கால், ஒரு கால் ஆத்தா கால், ரெண்டு ஜோடியும் பிரிச்சுக் குடுங்க” என்று சொல்லி அங்கேயும் கைதட்டல் வாங்கினேன். வார்ட்டில் அந்த டொக்டர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு கேலி தயாராக இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் உடம்பு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதுவும் இதுவும் சம்பந்தப்பட்டதுதானா என்று டொக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. சில சமயம், ஒன்றுமே இல்லாததைப் பெரிதாக்குகிறேனோ என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடம் அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு நீ ஓடுவது தெரிகிறது.

உன் கல்யாணப் பேச்சு வந்தபோது உன் அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “சம்பந்தி வீட்டுல கேட்டா சுட்டதுன்னே சொல்லுங்க. முதுகெலும்புல கொறைன்னு வந்தா, இவ புள்ள பெறுவாளா மாட்டாளான்னு பேச்சாகிரும்” என்றாள். சத்தியம் செய்தேன். அவள் போய் இரண்டு வருசமாகிறது. இப்போது சத்தியத்தை உடைக்கிறேன். அவள் இருந்திருந்தால் தடுத்திருப்பாளா, எனக்கு முன்னால் தானே பஸ் ஏறியிருப்பாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். சம்பந்தியம்மா, நீங்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஏமாற்றியது நாங்கள்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோபத்தை எனக்கு அனுப்புங்கள், நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு மாதிரிச் சொல்லி என் குழப்பத்தைக் கூட்டிவிட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் பென்சன் எடுத்தவரிடம் கேட்டேன். “அந்த ஊசியே வேணாம்னு சொல்லச் சொல்லுங்க, நம்ம பொம்பளைங்க ஊசி போட்டா பெத்தாங்க?” என்றார். உக்குவளையில் உன் அத்தை மகளிடம் கேட்டேன். “எனக்குப் போட்டாங்க மாமா, ஜம்முனு இருந்துச்சு, நீங்க சும்மா அவளப் பயமுறுத்தாதீங்க” என்றாள். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் உன் முதுகைப் பார்த்ததில்லை. அதனால் நான் உன்னை ஊசி போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. இந்த அப்பன் தன் வாயால் தெரியாது என்று சொன்னதை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாய்.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வியாழக்கிழமை அந்த டொக்டரிடம் போய், தழும்பு சுட்டதில்லை, பிறந்தபோதே அங்கே முடிக் கொத்து இருந்தது, களிம்பு போட்டு எடுத்தார்கள் என்று சொல். இடது கால் சின்னது என்று சப்பாத்தைக் கழற்றிக் காட்டு. பதினொரு வயது வரை பாயை நனைத்ததையும் சொல், வெட்கப்படாதே, வெட்கப்பட வேண்டியவன் நான். காந்தத்தில் படம் எடுக்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறதாம், பிள்ளைத்தாய்ச்சிக்கும் எடுக்கலாம் என்று எங்கள் டொக்டர் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் முடிவெடுக்கட்டும். முதுகில் முடியாது என்றால் வலியைக் குறைக்கவும் மயக்கம் கொடுக்கவும் வேறு வழிகள் அவர்களிடம் இருக்கின்றன. சொல்லாமல் மட்டும் அந்த மேசையில் முதுகைக் காட்டி உட்காராதே. வருகிற பிள்ளையைப் பற்றியும் ஒன்று. அதைக் கேலி செய், அது நம்ம குடும்பத்துப் பிள்ளை, கேலி இல்லாமல் வளராது. குளிப்பாட்டும்போது மட்டும் முன்னும் பின்னும் நன்றாகப் பார். ஏதாவது வித்தியாசமாக இருந்தால் சிரிப்பதற்கு முன்னால் காட்ட வேண்டிய இடத்தில் காட்டிவிடு.

இவ்வளவு எழுதியும் நீ நம்பமாட்டாயோ என்று எனக்குப் பயம். உன் அம்மா இல்லை, கொப்பியில் அந்தப் பக்கம் இல்லை, முடியும் இல்லை. கோயிலில் பார்த்த அத்தைமார், மாமாமாரைக் கேட்கச் சொன்னால், நான் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார்கள் என்பாய். சாட்சிக்கு என்ன காட்டுவது என்று மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இன்றைக்குக் காலையில் அடுப்படியில் நின்றபோதுதான் சாட்சி கண்ணில் பட்டது. சுவரில் தொங்குகிறது. நீ ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, கூட்டாளி வீட்டில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்து எனக்கும் வேண்டும் என்று இரண்டு நாள் அழுதாயே, நினைவிருக்கிறதா? அதுவரைக்கும் நம்ம வீட்டில் ரொட்டி சுடுகிற ஓடு மட்டுந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் உன்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், ஆணியில் தொங்கியதைத் தட்டிப் பார்த்து நீயே தேர்ந்தெடுத்தாய். பத்திரிகைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் அலுவிகாரை வரைக்கும் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். எண்ணெய் கசிந்து உன் வெள்ளைச் சட்டையில் வட்டமாகக் கறுப்புக் கறை. உன் அம்மா உன்னையும் என்னையும் சேர்த்து ஏசினாள். அந்தக் கறைக் கதையை இப்போதும் நீதான் எல்லாருக்கும் சொல்கிறாய்.

நம்ம வீட்டுக்கு வந்த முதல் தோசைக்கல் அதுதான், மகள். அன்றைக்கு உனக்குப் பத்து வயது. தழும்பு உன் முதுகில் ஏற்கனவே இருந்தது.

அப்பா